ஒப்பாரிக் கோச்சியில் வந்தவர்களின் கதையை மூன்று நிமிடப் படமாக்குவது எப்படி?

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட, அந்நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரை, 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டது. பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தலைமன்னார் துறைமுகத்துக்கு ஏற்றிச் சென்ற ரயிலுக்கு மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். அதில் ஏறி, கப்பலில் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரியின் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போய்ச் சேர்ந்தவர்களில், அப்போதே பெரியவர்களாக இருந்தோர் இன்று முதுமையில் இருக்கிறார்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசும் ‘சிலோன்காரர்’ என்று அக்கம்பக்கமும் சொல்வதைக் கேட்டே வளர்ந்த பேரப்பிள்ளைகள், தாங்கள் யார் என்பதைத் தங்கள் வீட்டுப் பெரியவரின் குரலிலேயே கேட்டறிய வேண்டும். அதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

ஒருவர் தம் வாழ்வில் நடந்த ஒன்றைத் தம் குரலிலேயே சொல்ல, அதனுடன் குடும்பப் புகைப்படங்களைச் சேர்த்து இரண்டு முதல் ஐந்து நிமிடக் காணொளியாக்கும் முறை, 1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி முதலியோர் நடத்திய பயிலரங்குகளில் உருப்பெற்றது. இதற்குக் கைப்பேசி ஒன்றே போதும்.

முழு வாழ்க்கையையும் சொல்லவைக்க முயல வேண்டாம். ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டை, கொழுந்து பறிக்கும்போது செடியின் மட்டம் பார்க்க வைத்த மட்டக் கம்பு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு என எதுவாகவும் இருக்கலாம். அதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுக் கேளுங்கள். “எந்த வருஷம் வந்தீங்க?” என்ற கேள்விக்கு ஒரு வருடம்தான் பதிலாக வரும்; அதுவும் பல நேரங்களில் தாளில் உள்ள வருடத்தோடு பொருந்தாது. “அப்பாயி, கோச்சியில ஏறுறப்ப கையில என்ன வச்சிருந்தீங்க? யாரு வழியனுப்ப வந்தா?” என்று கேட்டால், லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) விட்டுவந்த கோழி, தங்கையின் பெயர் மட்டும் இலங்கைப் பட்டியலில் நின்றுபோனது, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் கடைசியாக நின்ற காலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். அவர் பேச்சை நிறுத்தினால், அடுத்த கேள்வியை உடனே போடாமல் பொறுத்திருங்கள். நான் கேட்ட நல்ல வாக்கியங்கள் பலவும் அத்தகைய மௌனத்திற்குப் பிறகு வந்தவையே. ஒப்பந்தத்தின் வரலாற்றைப் பின்னணிக் குரலாக நீங்களே விளக்கிச் சொல்லும் ஆசையை மட்டும் கட்டாயம் விட்டுவிட வேண்டும். அது புத்தகங்களில் இருக்கிறது. தங்கை வரமுடியாமல் போனது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒலிப்பதிவுக்குச் சிறிய அறை நல்லது. கதவு சன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, கைப்பேசியைப் பறக்கும் நிலைக்கு மாற்றி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். தகரக் கூரை வீட்டில் மழை நாளில் பதிவு செய்ய இயலாது. முடிந்தால் சுருக்கப்படாத ‘வேவ்’ கோப்பாகச் சேமியுங்கள். மலையகத்தில் ஆடப்படும் காமன் கூத்தின் பாட்டு எதையேனும் அவர் பாடினால், அதை வெட்டாமல் தனிக் கோப்பாக முழுமையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய படங்களைச் சட்டத்திலிருந்து கழற்றி, சன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுங்கள். பின்பக்க எழுத்தையும் ஸ்டூடியோ முத்திரையையும் சேர்த்தே எடுக்க வேண்டும். மூலப் படத்தை எக்காரணம் கொண்டும் வீட்டை விட்டு எடுத்துச் செல்லாதீர்கள். படமே இல்லாத குடும்பங்கள் பல உண்டு. அங்கே பெரியவரின் கைகளும் அந்தப் பொருளும் போதும். வேறு எவருடைய தோட்டப் படத்தையோ இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால், கதையின் நம்பகத்தன்மை அங்கேயே போய்விடும்.

தொகுக்கும்போது நிதானமான பேச்சில் சுமார் 250 சொற்கள் மூன்று நிமிடத்தை நிரப்பிவிடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். துணையுரையில் (சப்டைட்டிலில்) கோச்சி, லயம், கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுதல்), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) என்று அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாது என்று அஞ்சி அவற்றைப் பாடநூல் தமிழாக மாற்றினால், இலங்கை மலைகளில் தலைமுறைகளாக உருவான ஒரு பேச்சை நாமே அழித்தவர்களாவோம். பின்னணி இசை தேவையில்லை.

வெளியிடுமுன், முடிந்த காணொளியை முதலில் பெரியவருக்கே போட்டுக் காட்டுங்கள். பதிவு செய்ய அவர் தந்த சம்மதம் பொதுவில் வெளியிடத் தந்த சம்மதம் ஆகாது. இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். ஒரு வரியை நீக்கச் சொன்னால், அதுவே கதையின் உயிரான வரியாக இருந்தாலும் நீக்கிவிட வேண்டும். ஆவணங்களின் எண்களை மறைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது காணொளியின் தரம் குறைந்துவிடும் என்பதால், மூலக் கோப்புகளைக் கணினி, வெளிப்புற வன்தட்டு, உறவினர் ஒருவரின் வீடு என மூன்று இடங்களில் வையுங்கள். பேசுபவர், தோட்டம், புறப்பட்ட ஊர், பதிவு செய்த நாள் ஆகியவற்றை ஓர் உரைக் கோப்பில் எழுதி உடன் சேர்த்துவிடுங்கள். குடும்பம் உடன்பட்டால், 2005 முதல் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் ஆவணங்களைத் திரட்டிவரும் ‘நூலகம்’ இணைய நூலகத்தையும் தொடர்புகொண்டு, படியொன்றை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்கலாம்.