பழைய காரின் டெயில் லைட்: செட்டை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

பதினைந்து வயதைத் தொட்ட ஆல்ட்டோ, ஜென், சான்ட்ரோ வண்டிகளில் டெயில் லைட் மங்கினால் செட்டையே மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் வீண் செலவு. கோளாறு பல்பு ஹோல்டரிலோ எர்த்திலோ (மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) இருந்தால் புது செட்டும் அப்படித்தான் மங்கும்.

இருட்டியபின் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். பார்க் லைட்டைப் போட்டுப் பிரேக்கை மிதித்தால் சுவரில் விழும் சிவப்பு வெளிச்சம் ரியர்வியூ கண்ணாடியில் தெரியும்; துணைக்கு ஆள் வேண்டாம். மிதித்ததும் வெளிச்சம் கூட வேண்டும். கூடாமல் குறைந்தாலோ, இண்டிகேட்டரோடு அந்தப் பக்கச் சிவப்பு விளக்கும் சிமிட்டினாலோ எர்த் சரியில்லை. லைட் எல்லாம் அணைந்திருக்கையில் பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு எரிகிறதா? பல்பில் ஒரு ஃபிலமென்ட் அறுந்து மற்றதைத் தொட்டிருக்கும், இல்லை யாரோ தப்பான பல்பை அமுக்கிச் சொருகியிருப்பார்கள். இரண்டு பக்கமும் பிரேக் லைட் எரியவில்லையென்றால் முதலில் ஃபியூஸையும் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சையும் பாருங்கள்.

கழற்றுவது எளிது. டிக்கியைத் திறந்தால் இரண்டு மூன்று ஸ்டார் ஸ்க்ரூ தெரியும். சில மாடல்களில் உள்பக்கம் 10 மி.மீ. நட்டு. அதை எடுத்தபின் செட்டை நேர் பின்னால் இழுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் பழைய பிளாஸ்டிக் காது உடையும்.

டெயில், பிரேக் இரண்டுக்கும் சேர்ந்த பல்பு 12 வோல்ட், 21/5 வாட். அதன் இரு பின்களும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும், ஒரு வாக்கில்தான் உட்காரும். 21 வாட் ஒற்றை ஃபிலமென்ட் பல்பில் பின்கள் ஒரே உயரம். லேசாக அழுத்தித் திருப்பினாலே உட்கார வேண்டும்; பலவந்தப்படுத்த வேண்டியிருந்தால் அது தப்பான பல்பு.

ஹோல்டரைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பிரேக்கை மிதித்தபடியே நிற்கும்போது 21 வாட் ஃபிலமென்ட் அணையாமல் எரிகிறது. அந்தச் சூட்டில் ஸ்பிரிங் தளரும், பிளாஸ்டிக் இளகும், தொடுமுனை கறுக்கும். (ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக் காலை எடுத்தால் பல்புக்கும் ஆயுசு, பின்னால் நிற்பவர் கண்ணுக்கும் நிம்மதி.) கறுப்பை மெல்லிய எமரி பேப்பரால் தேய்த்து, துளி வாசலின் தடவுங்கள். இளகிய ஹோல்டரை மாற்றிவிடுங்கள். எர்த் ஒயர் பாடியில் முடுக்கிய இடத்தையும் கழற்றி, துருவைப் பளிச்சென்று சுரண்டி மறுபடி முடுக்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால், பிரேக்கை மிதித்தபடி ஹோல்டரின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள்: அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வேலை இன்னும் முடியவில்லை.

உள்ளே தண்ணீர் நின்றால் பல்புகளை எடுத்துவிட்டு வெயிலில் காயவையுங்கள். குற்றவாளி அநேகமாக நைந்த ஃபோம் கேஸ்கெட். சிலிகான் பூசுவதானால் வினிகர் வாடை அடிக்காத நியூட்ரல் வகை வேண்டும். வாடை அடிப்பது செம்பை அரிக்கும். அடியில் இருக்கும் வடிகால் ஓட்டையை மட்டும் அடைக்காதீர்கள்.

லென்ஸ் உடைந்திருந்தால்தான் புது செட். பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விசாரிக்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே பெயர் வண்டிக்கு வருடத்துக்கு வருடம் செட் மாறும். ஹோல்டர் ஒயரோடு வருகிறதா, தேன்கூடு போன்ற ரிஃப்ளெக்டர் லென்ஸில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். கறுப்பு ஸ்பிரே அடித்தது வேண்டாம், ஆர்.டி.ஓ. எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுச் சோதனையில்) வம்பு. எல்.இ.டி. பல்பு போடுவதானால் சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்.இ.டி.யே எடுங்கள், வெள்ளை போட்டால் நிறம் வெளிறும். இண்டிகேட்டரில் எல்.இ.டி. போட்டால் வேகமாகச் சிமிட்டும், சிமிட்ட வைக்கும் ஃபிளாஷரையும் மாற்ற வேண்டிவரும்.

பொருத்தும்போது ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, டிக்கி கம்பளத்தின் மூலையைத் தொட்டுப் பாருங்கள்.