பிசிஓஎஸ்: ஸ்கேன் ரிப்போர்ட்டை விட நாள்கணக்கு முக்கியம்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "பிசிஓ" என்று ஒரு வரி இருந்தாலே நீர்க்கட்டி வந்துவிட்டது என்று வீடே கலங்கிப்போகிறது. ஸ்கேனில் சின்னச் சின்னதாகத் தெரிபவை கரைக்கவோ அறுத்தெடுக்கவோ வேண்டிய கட்டிகள் அல்ல. 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில், சினைப்பைக்குள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுபோன, கருமுட்டை இருக்கும் சிறு பைகள் அவை. வயதுக்கு வந்து சில வருடங்களே ஆன பெண்களில் பலருக்கு எந்தக் கோளாறும் இல்லாமலே இப்படித் தெரியும். அதனால்தான் 2023-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி, முதல் மாதவிலக்கிலிருந்து 8 ஆண்டுகள் வரை இதற்காக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்கிறது.

பிசிஓஎஸ் என்பது சினைப்பையும் ஹார்மோன்களும் சம்பந்தப்பட்ட கோளாறு. அது இருக்கிறது என்று சொல்ல, பெரியவர்களுக்கு மூன்றில் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று, மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருவது. இரண்டு, ஆண் ஹார்மோன் கூடியதன் அடையாளம்: தாடையிலும் மேலுதட்டிலும் முரட்டு முடி, அடங்காத பரு, வகிடு அகலமாகும்படி முடி கொட்டுவது, அல்லது ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம். மூன்று, ஸ்கேனில் மாற்றம் அல்லது அந்தச் சிறு பைகள் சுரக்கும் ஏஎம்ஹெச் ஹார்மோன் ரத்தத்தில் அதிகம். முதல் இரண்டும் இருந்தால் ஸ்கேனே தேவையில்லை. பதின்பருவத்தில் அந்த இரண்டும் கட்டாயம் இருந்தாக வேண்டும். எந்த வயதானாலும் தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) இரண்டையும் பார்க்காமல் பிசிஓஎஸ் என்று சொல்லிவிடக் கூடாது. அவையும் மாதவிலக்கைத் தள்ளிப்போடும்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது நடக்கும் தவறு வேறு. கருத்தடை மாத்திரை சாப்பிடும்போது டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவே காட்டும். நிறுத்தி 3 மாதம் கழித்துத்தான் அந்த முடிவை நம்பலாம். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தைராய்டு, ஹார்மோன் அளவுகளை அது தப்பாகக் காட்ட வைக்கும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

நாளை எண்ணுவது எப்படி

போன மாதம் ரத்தம் நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். அது தவறு. ரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து, அடுத்த முறை பட்ட முதல் நாள் வரை எண்ண வேண்டும். தினசரிக் காலண்டரில் அந்த நாளை மட்டும் வட்டமிட்டால் போதும். வயதுக்கு வந்து 3 வருடம் ஆனவர்களுக்கு இடைவெளி 21 நாளுக்குக் குறைந்தாலும், 35 நாளைத் தாண்டினாலும், வருடத்துக்கு 8 முறைக்கும் குறைவாக வந்தாலும் அது ஒழுங்கின்மை. 3 வருடம் ஆகாத பிள்ளைகளுக்கு 45 நாள் வரை விடலாம். ஆனால் முதல் வருடத்துக்குப் பிறகு ஒரே ஒரு முறை 90 நாள் தள்ளிப்போனாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"வராவிட்டால் தொல்லை விட்டது" என்று மாதக்கணக்கில் விடுவதைத்தான் நாங்கள் மிகவும் அஞ்சுகிறோம். கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் போதுமான அளவு சுரப்பதில்லை. கருப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் இப்படியே போனால் அதில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. 90 நாளைத் தாண்டினால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, மாத்திரை கொடுத்து உதிர வைப்பார்கள். கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் மெடிக்கலில் "பீரியட்ஸ் வர மாத்திரை" கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

பிசிஓஎஸுக்காக டாக்டர் எழுதித்தரும் கருத்தடை மாத்திரையில் மாதாமாதம் ரத்தம் வந்தால் குணமாகிவிட்டது என்று பொருளில்லை. மாத்திரை இருக்கும்வரை சவ்வுக்குப் பாதுகாப்பு, பருவும் முடியும் கட்டுப்படும். நிறுத்தினால் பழைய நிலை திரும்பலாம். முகமுடி குறைந்து தெரியவே 6 மாதமாவது ஆகும். இரண்டாம் மாதம் "பலிக்கவில்லை" என்று விட்டுவிடுவதால் பலருக்கு அந்த வைத்தியம் பாதியிலேயே போகிறது. இடையில் த்ரெட்டிங், வாக்ஸிங் செய்யலாம். அதனால் முடி தடித்து வளராது.

கழுத்துக் கருமை அழுக்கல்ல

பிடரியில் வெல்வெட் போலத் தடித்த கருமை, அக்குளில் அதே நிறம், பக்கத்திலேயே சின்னச் சின்ன மருக்கள். எலுமிச்சை, பீர்க்கங்கூடு என்று தேய்த்துத் தேய்த்துத் தோல்தான் புண்ணாகும். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதன் வெளி அடையாளம் அது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது இருக்கலாம். "நீ ஒல்லிதானே" என்று யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்தாலும் திருப்தியடைய வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனை, வெறும் வயிற்றில் தப்பியதைப் பிடிக்கும். 1 முதல் 3 வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையை எழுதிக் கொடுத்தால், முதல் நாளே முழு அளவில் தொடங்குவதால் வயிற்றுப்போக்கும் குமட்டலும் கூடும். சாப்பாட்டோடு 500 மில்லிகிராமில் ஆரம்பித்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுவதே முறை. மெதுவாகக் கரையும் வகையை உடைக்கக் கூடாது. மலத்தில் அதன் கூடு வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே இறங்கியிருக்கும். வருடக்கணக்கில் சாப்பிடுபவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டில் பெரிய ஏமாற்றம் "நல்ல இனிப்பு". நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரைதான். கேழ்வரகையும் மாவாக்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். சோற்றை அடியோடு விட வேண்டியதில்லை; அளவைக் குறைத்து, தட்டில் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் கொடுத்து, முட்டை, மீன், சுண்டல், பருப்பு ஏதாவது ஒன்றைச் சேருங்கள். பட்டினி கிடப்பவர்கள் இரவில் இரண்டு மடங்கு சாப்பிடுவார்கள். எடை கூடுதலாக இருந்தால் 5 சதவீதம், அதாவது 80 கிலோவில் 4 கிலோ குறைந்தாலே மாதவிலக்கு சீராக வாய்ப்புண்டு. எடை இறங்காவிட்டாலும் நடை வீண்போகாது. வாரம் 150 நிமிடம் வேக நடையும், இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் இன்சுலினுக்கு உதவும்.

"கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும்" என்பது வைத்தியமே அல்ல. "எனக்குக் குழந்தை தங்காது" என்று கருத்தடையை விடுவதும் தவறு. எந்த மாதம் கருமுட்டை வெளிவரும் என்று சொல்ல முடியாது. கருமுட்டை வெளிவரும் நாளை அறிய வீட்டில் பார்க்கும் ஓவுலேஷன் கிட், குழந்தைக்கு முயல்பவர்களை ஏமாற்றலாம். அந்தக் கிட் பார்க்கும் எல்ஹெச் ஹார்மோன் எப்போதும் கூடுதலாக இருந்தால் கருமுட்டை வெளிவராமலே அதில் கோடு விழும். கருமுட்டையைத் தூண்ட லெட்ரோசோல்தான் இன்று முதல் மருந்து, நிறையப் பேருக்கு அதிலேயே கரு தங்குகிறது.

சில மாதங்களுக்குள் குரல் தடிப்பது, முடி வேகமாகப் பரவுவது, ஆண்களைப் போல முன்நெற்றி வழுக்கை விழுவது ஆகியவற்றைப் பிசிஓஎஸ் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். அந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.