கைக்குழந்தையோடு மதுரையிலிருந்து மெல்பர்னுக்கு: கட்டுப்படியாகும் புறநகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஒத்தக்கடையில் வாடகை குறைவு என்று வீடு பிடித்துவிட்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திருநகரிலும் தனக்கு வேலை பைபாஸ் ரோட்டிலும் இருந்தால் அந்த வாடகை குறைவே இல்லை. இதை மதுரைக்காரர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது இதே மனிதர்கள் இணையத்தில் வாடகையை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்து, மேலே வந்த வீட்டுக்கு மனதளவில் பால் காய்ச்சிவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி மெல்பர்ன் நகரத்தை வைத்து எழுதப்பட்டது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி ஆஸ்திரேலியாவில் 95 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதி சிட்னியிலும் மெல்பர்னிலும் இருக்கிறது.

வாடகையைச் சரியாகக் கணக்கிடுவது

அங்கே வாடகை வாரக் கணக்கு. 500 டாலர் என்றால் நான்கால் பெருக்கி மாதம் 2,000 என்று நினைப்பதுதான் முதல் தவறு. வருடத்துக்கு 52 வாரம்; ஆகவே 52 ஆல் பெருக்கி 12 ஆல் வகுக்க வேண்டும். 500 டாலர் வீடு மாதத்துக்கு 2,167 டாலர்.

அடுத்து, வாடகையோடு காரையும் சேர்த்துப் பாருங்கள். ரயில் நிலையம் இல்லாத இடத்தில் வாரம் 470 டாலருக்கு ஒரு வீடு, நிலையத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் 550 டாலருக்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 2,037, 2,383. வித்தியாசம் 346 டாலர். முதல் வீட்டுக்குப் போனால், ஒருவர் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன பிறகு, மற்றவர் குழந்தையோடு எங்கேயும் நகர முடியாது. ஆறு மாதத்தில் இரண்டாவது கார் வரும். வருடம் 15,000 கிலோமீட்டர், 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் என்றால் 1,200 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 1.90 டாலர் என்று போட்டால் மாதம் 190. பதிவுக் கட்டணம் வருடத்துக்குச் சுமார் 900, அதாவது மாதம் 75. இன்சூரன்ஸ் வருடம் 1,200 என்றால் மாதம் 100. ஆக 365 டாலர். இதில் காரின் விலை, சர்வீஸ், டயர் எதுவுமே வரவில்லை. சிட்டிலிங்க், ஈஸ்ட்லிங்க் போன்ற சுங்கச் சாலைகளில் தினமும் போக வேண்டியிருந்தால் அது தனி.

எந்தப் பக்கம்?

மேற்கே விண்டம் கவுன்சில் (உள்ளாட்சி) பகுதியில் டார்னீட், ட்ருகனினா, வெரிபீ, ஹாப்பர்ஸ் கிராசிங், பாயின்ட் குக். இந்தியக் குடும்பங்களும் மளிகைக் கடைகளும் நிறைந்த பகுதி. டார்னீட்டில் 2015 முதல் ரயில் நிலையம் உண்டு. ஆனால் அது மின்சார மெட்ரோ வண்டி அல்ல, வெளியூர் போகும் வி-லைன் டீசல் வண்டி. காலையில் கூட்டம் அதிகம், தள்ளுவண்டியோடு ஏறுவது சிரமம். பாயின்ட் குக்கிலும் ட்ருகனினாவிலும் நிலையமே இல்லை. வில்லியம்ஸ் லேண்டிங்குக்கோ டார்னீட்டுக்கோ போக வேண்டும். வெரிபீ, ஹாப்பர்ஸ் கிராசிங் இரண்டும் மின்சார ரயில் பாதையில் இருப்பவை. வீடுகள் கொஞ்சம் பழையவை என்றாலும் சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது இவற்றைத்தான்.

தென்கிழக்கே டாண்டினாங், நோபிள் பார்க், கிரான்போர்ன், பாக்கன்ஹாம். ஈழத்துக் குடும்பங்கள் பல ஆண்டுகளாக வேரூன்றிய பக்கம் இது. டாண்டினாங்கில் சந்தையும் ஃபாஸ்டர் தெருவில் இந்தியக் கடைகளும் உண்டு. காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் இந்தப் பக்கத்தவர்களுக்குக் கிட்டம்; மேற்கில் இருப்பவர்களுக்கு சன்ஷைன் நார்த் முருகன் கோயில். கிளைட் நார்த்தில் புது வீடு மலிவாகக் கிடைக்கும். ரயில் பாதை கிரான்போர்னோடு முடிந்துவிடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். வடக்கே கிரேகிபர்னிலும் மெர்ண்டாவிலும் மின்சார ரயில் உண்டு, பக்கத்து வொல்லர்ட்டில் இல்லை.

பட்டியலை மூன்று இடங்களாகக் குறைத்த பிறகு ஒவ்வொன்றையும் இப்படிச் சோதியுங்கள். வரைபடத்தில் வீட்டு முகவரியை வைத்து, செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்கு வேலையிடம் போய்ச்சேர எவ்வளவு நேரம் என்று பொதுப் போக்குவரத்தில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் பார்த்தால் கிடைக்கும் நேரம் எதற்கும் உதவாது. நடந்து 15 நிமிடத்துக்குள் பூங்கா, மருத்துவர், சூப்பர் மார்க்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் தெருக்காட்சியில் நடைபாதை கண்ணில் படுகிறதா என்றும் பாருங்கள். புது லேஅவுட்களில் பல இடங்களில் அது பாதியிலேயே நின்றுவிடும்.

பிள்ளை, பள்ளி, கிண்டர்

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது. 'ஃபைண்ட் மை ஸ்கூல்' தளத்தில் முகவரியைக் கொடுத்தால் எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று காட்டும். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி என்றுகூட இருக்கும். புதுப் புறநகரில் புதுப் பள்ளி திறக்கும்போது எல்லை மாறும். அதனால் வீட்டைப் பார்க்கும் முன் எல்லையைப் பாருங்கள்.

ஏப்ரல் 30க்குள் 5 வயது முடியும் பிள்ளைதான் அந்த ஆண்டு ஜனவரிக் கடைசியில் பள்ளியின் முதல் வகுப்பான 'பிரெப்'பில் சேரலாம். 2021 ஜூனில் பிறந்த பிள்ளை 2027 ஜனவரியில்தான் சேரும். மதுரையில் அதே பிள்ளை 2026 ஜூனில் யு.கே.ஜி.யில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும். பிள்ளை பின்தங்கிவிட்டது என்று பெற்றோர் கலங்குகிறார்கள். அங்கே வகுப்பில் உள்ள எல்லாருக்கும் அதே வயதுதான். விளையாட்டோடு ஆங்கிலம் பிடிபட இந்த இடைவெளி நல்ல வாய்ப்பு.

அதற்கு முந்தைய 3, 4 வயதுக்கு 'கிண்டர்' என்ற மழலையர் வகுப்பு. 2023 முதல் விக்டோரியாவில் இலவசம். ஆனால் பொதுவாக வாரத்துக்கு 15 மணி நேரம் வரைதான். இருவரும் வேலைக்குப் போனால் முழுநாள் காப்பகம் வேண்டும். அதற்கு ஒரு நாளுக்கு 130 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அரசு தரும் காப்பக மானியம் நிரந்தர வதிவிட விசா உள்ளவர்களுக்கு உண்டு. வேலை விசா, மாணவர் விசாவில் போகிறவர்கள் பெரும்பாலும் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். வீட்டுச் செலவைக் கவிழ்க்கும் ஒற்றைச் செலவு இதுதான். ஆகவே வாடகையில் 30 டாலர் மிச்சம் பிடிப்பதற்கு முன், எந்த விசா, எத்தனை நாள் காப்பகம் என்பதை எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். மெடிகேர் மருத்துவத் திட்டமும் அப்படியே: இந்தியாவோடு பரிமாற்ற ஒப்பந்தம் இல்லாததால் தற்காலிக விசாவில் போகிறவர்கள் தனியார் காப்பீடு எடுத்தாக வேண்டும்.

வீடு எடுப்பது

மதுரையில் இருந்துகொண்டே ஒப்பந்தம் போடாதீர்கள். முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் 12 மாதம். நடுவில் விட்டால் கையைக் கடிக்கும். தட்டுமுட்டுச் சாமான்களோடு கிடைக்கும் வீட்டில் மூன்று, நான்கு வாரம் தங்கி, நேரில் பார்த்து எடுப்பதே நல்லது. வீட்டைக் காட்டாமல் முன்பணம் அனுப்பச் சொல்பவர் மோசடிக்காரர், சந்தேகமே வேண்டாம்.

நம் ஊர் போலப் பல மாத அட்வான்ஸோ ஒத்தியோ அங்கே கிடையாது. வார வாடகை 900 டாலர் வரை உள்ள வீட்டுக்கு வைப்புத்தொகையாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. அந்தப் பணமும் வீட்டுக்காரர் கையில் இருக்காது, அரசு அமைப்பில் கட்டப்படும். ஆளுக்கு ஆள் போட்டி என்பதால் விண்ணப்பம்தான் முக்கியம். பாஸ்போர்ட், விசா, சம்பளம் குறித்த வேலைக் கடிதம், வங்கி இருப்புச் சான்று, இவற்றோடு இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரிடம், எத்தனை ஆண்டு இருந்தீர்கள், வாடகை ஒழுங்காகக் கட்டினீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே முன் வாடகைப் பதிவு இல்லாதவருக்கு இந்தக் கடிதம் பெரிய துணை. சொந்த வீடு என்றால் சொத்து வரி ரசீது.

வீட்டைப் பார்க்கும்போது, நம் ஊரில் தண்ணீர் உப்பா என்று கேட்பதுபோல அங்கே கேட்க வேண்டியது குளிர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். முன்கூடத்தில் நிலையாகப் பொருத்திய ஹீட்டர் இருக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தை தூங்கும் அறைக்கு அந்த வெப்பம் எட்டுமா என்று பாருங்கள்.

மதுரையில் முடிக்க வேண்டியவை

ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டியது பெயர். நம் இனிஷியல் முறைதான் அதிகச் சிக்கலைத் தருகிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். அப்பாவின் பெயர் முத்துக்குமார், தாத்தா பெயர் சுப்பையா என்றால், அப்பாவின் குடும்பப் பெயர் சுப்பையா, பிள்ளையின் குடும்பப் பெயர் முத்துக்குமார், அம்மாவுடையது அவருடைய அப்பாவின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். இது தவறல்ல, மாற்றவும் வேண்டியதில்லை. ஆனால் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். விமானச் சீட்டு, வங்கி, பள்ளி எல்லா இடத்திலும் பெயர் ஒவ்வொரு மாதிரி விழும். பிள்ளை உங்களுடையதுதான் என்று காட்டுவது பிறப்புச் சான்றிதழ். அதில் இரு பெற்றோர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழைத் திருத்த, குழந்தை பிறந்த ஊருக்குத்தான் போக வேண்டும். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் நடந்திருக்கும். மதுரையில் குடியிருந்தாலும் பதிவு உசிலம்பட்டியிலோ தேனியிலோ இருக்கும். கடைசி மாதத்தில் அலைகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குழந்தையின் பெயர் சேர்க்கப்படாமல் வெறும் 'ஆண் குழந்தை' என்றே இருந்தால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். குழந்தை பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவர் கையெழுத்திட்ட 'அனெக்ஸர் டி' என்ற உறுதிமொழிப் படிவம் வேண்டும். 4 வயதுக்குக் கீழே என்றால் வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தைக் கையோடு கொண்டு போக வேண்டும். அது 5 ஆண்டுக்குத்தான் செல்லும்.

தடுப்பூசிக்கு மூன்று மாதம் முன்பே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். விக்டோரியாவில் 2016 முதல், தடுப்பூசிப் பதிவு சரியாக இல்லாத குழந்தையைக் கிண்டரிலும் காப்பகத்திலும் சேர்ப்பதில்லை. நம் அரசு அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லாவுக்கு ஊசி உண்டு, பொன்னுக்குவீங்கிக்கு இல்லை, சின்னம்மைக்கும் இல்லை. அங்கே இரண்டும் வேண்டும். உயிர் வைரஸ் உள்ள ஊசிகளை ஒரே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். அதனால்தான் மூன்று மாதம். ஆரம்ப சுகாதார நிலையம் தந்த தமிழ் அட்டை மட்டும் போதாது. ஊசியின் பெயர், தேதி, மருத்துவர் முத்திரையோடு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்.

பணம்: 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சத்தைத் தாண்டினால், படிப்பு, மருத்துவம் தவிர்த்த செலவுகளுக்கு, மீதிக்கு 20 சதவீத வரியை வங்கி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம் என்றாலும், அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். கணவன், மனைவி இருவர் கணக்கிலிருந்தும் பிரித்து அனுப்புங்கள். வீடு, மனை இருந்தால் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பவர் பத்திரத்தைக் கிளம்பும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே போன பிறகு என்றால் தூதரகத்தில் சான்று வாங்கி, தாள் இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியும் முதல் வாரமும்

மிக்ஸியைக் கொண்டு போகலாம், மின்னழுத்தம் ஒன்றுதான். பிளக் மட்டும் வேறு. குழந்தையின் கார் சீட்டைக் கொண்டு போகாதீர்கள். ஆஸ்திரேலியத் தரமுத்திரை இல்லாத இருக்கை அங்கே சட்டப்படி செல்லாது. 7 வயது வரை உரிய இருக்கை கட்டாயம். கருவேப்பிலை, மல்லிகைப்பூ, விதைகள், பால் சேர்ந்த இனிப்புகள் வேண்டாம். பொடி, ஊறுகாய், வத்தல் எது இருந்தாலும் நுழைவு அட்டையில் 'ஆம்' என்று குறியுங்கள். சொன்னால் அபராதம் இல்லை, மறைத்தால் உண்டு. மருந்து மூன்று மாதத்துக்கு, ஆங்கில மருந்துச்சீட்டோடு.

இறங்கிய முதல் வாரத்தில் வரி எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். உள்ளூர் மருத்துவரிடம் தடுப்பூசித் தாளைக் கொடுத்துத் தேசியப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கவுன்சிலின் தாய்-சேய் நலச் செவிலியரிடம் குழந்தையைப் பதியுங்கள். எடை, வளர்ச்சி, பேச்சு எல்லாவற்றையும் பள்ளி வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் 131 450 என்ற அரசு மொழிபெயர்ப்பு எண்ணை அழைத்து 'தமிழ்' என்று சொன்னால் போதும். வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் சுவர்க்கீறல், கம்பளக்கறை, அடுப்புப் பொத்தான் வரை படம் எடுத்து, ஏஜென்ட் தந்த நிலைமை அறிக்கையில் குறித்து, 5 வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள். காலி செய்யும் நாளில் வைப்புத்தொகை முழுதாகத் திரும்புவது அந்தத் தாளை வைத்துத்தான்.