புதிய தேனீ ஈ ஒன்றை விவரித்து எழுதுவது எப்படி? தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

பாலைவனத்தில் மழைக்குப் பின் பூக்கள் வரும் நாட்களில், வெயில் ஏறிய நேரம் பார்த்து மணலருகே உட்காருங்கள். பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டும் பூச்சி ஒன்று கண்ணில் படலாம். உடலெல்லாம் மென்மயிர், பார்த்தால் தேனீ. ஆனால் சிறகு ஒரு ஜோடிதான் இருக்கும். பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போல இரண்டு சமநிலைக் குமிழ்கள். இதுதான் தேனீ ஈ, பாம்பிலிடே குடும்பம். இதுவரை பெயர் பெற்றவை சுமார் 5000 இனங்கள். வறண்ட நிலங்களில்தான் இவற்றின் வகை அதிகம். இவற்றின் நெருங்கிய உறவான மித்திகோமையிடே குடும்பத்தில் பல ஈக்கள் 2 மில்லிமீட்டரைக் கூடத் தாண்டாது. அவ்வளவு சிறியவற்றை அதிகம் பேர் தேடிப் பிடிப்பதில்லை. அதனாலேயே பெயரில்லாதவை இன்னும் நிறைய இருக்கின்றன.

அப்படி ஒன்று உங்கள் கையில் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதப்போவதை, அந்த ஈயைப் பார்த்தே இராத ஒருவர் ஐம்பது வருடம் கழித்துப் படித்து, “இது சரி” என்றோ “இது தவறு” என்றோ சொல்ல முடிய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியையும் அதை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

படி 1: மாதிரியைக் காப்பாற்றுங்கள்

அந்த இடத்தில் பூச்சி சேகரிக்க உரிய அனுமதியை முதலில் வாங்குங்கள். அனுமதி இல்லாத மாதிரியைப் பின்னால் எந்த நல்ல அருங்காட்சியகமும் ஏற்காது. பிடிப்பதற்கு வலை போதும். மிகச் சிறியவற்றுக்கு, சோப்புத் தண்ணீர் ஊற்றிய மஞ்சள் கிண்ணத்தைத் தரையில் வைத்தால் தானாக வந்து விழும்.

தேனீ ஈயின் மயிரும் செதிலும் லேசாக உரசினாலே உதிர்ந்துவிடும். ஆல்கஹாலில் போட்டால் மயிர் ஒட்டிக்கொண்டு நிறமே மாறித் தெரியும். ஆகவே பெரும்பாலானவற்றை உலர்ந்த நிலையில் வையுங்கள். பெரிய ஈ என்றால் நேராக ஊசி குத்தலாம். சின்னது என்றால் முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில், மார்பின் ஒரு பக்கம் மட்டும் படும்படி ஒட்டுங்கள். மறுபக்கம் முழுதாகப் பார்க்கக் கிடைக்கும். இரண்டு மூன்றை மட்டும் டிஎன்ஏவுக்காக 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள்.

லேபிளை அன்றைக்கே எழுதிவிடுங்கள். நாடு, இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், தேதி, பிடித்தவர், பிடித்த முறை. எந்தப் பூவில் இருந்தது என்று தெரிந்தால் அதையும் சேருங்கள். லேபிள் இல்லாத ஈ எவ்வளவு அழகாக இருந்தாலும் அறிவியலுக்கு உதவாது.

படி 2: இது உண்மையிலேயே புதியதா?

வேலையின் பெரும்பகுதி இங்கேதான். மாதக்கணக்கில் ஆகலாம், அவசரப்படாதீர்கள்.

முதலில் பேரினத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குச் சிறகு நரம்புகள்தான் வழிகாட்டி. எந்த நரம்பு எங்கே கிளைக்கிறது, குறுக்கு நரம்பு எந்த இடத்தில் இருக்கிறது, பின்னோரத்தில் நரம்புகளுக்கு இடையே எத்தனை அறைகள், சிறகின் அடிப்பக்கப் பின்புறத்தில் உள்ள ‘ஆனல் செல்’ என்ற அறை சிறகின் விளிம்பில் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பேரினத்தில் இதுவரை வைத்த பெயர்கள் அத்தனையையும் பட்டியலிடுங்கள். எவன்ஹூயிஸும் கிரேட்ஹெட்டும் 1999இல் வெளியிட்ட உலகத் தேனீ ஈக்களின் பட்டியல் இதற்கு நல்ல தொடக்கம். அதற்குப் பின் வந்தவற்றைத் தனியாகத் தேட வேண்டும். ஒவ்வொரு பெயரின் மூல விவரிப்பையும் படியுங்கள். முடிந்தால் அசல் மாதிரியையே பாருங்கள், அல்லது அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்திடம் படம் கேளுங்கள்.

தேனீ ஈக்களில் ஏமாறும் இடங்கள் மூன்று. ஆணும் பெண்ணும் வேறு வேறாகத் தெரிவது முதலாவது. பல இனங்களில் ஆணின் கண்கள் தலையுச்சியில் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு இடைவெளி இருக்கும். நிறமும் மாறலாம். இரண்டாவது, தேய்மானம். நேற்று வெளிவந்த ஈ பொன்மயிரோடு இருக்கும். சில வாரம் மணலில் புரண்டது கறுத்து மொட்டையாக இருக்கும்.

மூன்றாவது, அளவு. இதைப் புரிந்துகொள்ள அதன் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல இனங்களில் பெண் ஈ வயிற்று நுனியில் உள்ள ஒரு பையில் மணலை நிரப்பிக்கொள்ளும். முட்டைகளில் அந்த மணலைப் பூசி, தரையில் கூடு கட்டும் தேனீயின் வாசலுக்கு மேலே பறந்தபடியே ஒவ்வொன்றாகச் சுண்டி எறியும். பொரிந்து வரும் புழு மெல்லிய உடலோடு நகர்ந்து கூட்டுக்குள் போகும். அங்கே உருமாறி, கொழுத்த புழுவாகி, தேனீயின் புழுவைத் தின்று வளரும். தேனீ மட்டுமல்ல, குளவி, வண்டு, வெட்டுக்கிளியின் முட்டை என்று இனத்துக்கு இனம் இரை மாறும். எதைத் தின்றாலும், இரை சிறியதென்றால் ஈயும் சிறியதாகவே வரும். ஒரே இனத்தில் ஒன்று மற்றொன்றைப் போல இரு மடங்கு பெரிதாக இருப்பது சாதாரணம். ஆகவே “இது சின்னதாக இருக்கிறது, அதனால் புதியது” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

படி 3: பிறப்புறுப்பைப் பிரித்துப் பாருங்கள்

தேய்மானமும் இரையின் அளவும் அவ்வளவாகத் தொடாத பகுதி ஆணின் பிறப்புறுப்பு. பல பேரினங்களில் இனத்தை உறுதி செய்வதே இதுதான். முதலில் முழு ஈயைப் படமெடுங்கள். பிறகு வயிற்று நுனியை வெட்டி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போடுங்கள். லேசாகச் சூடாக்கினால் சில நிமிடம், சூடில்லாமல் என்றால் ஓர் இரவு. தசை கரைந்து கடினமான பாகங்கள் மட்டும் தெளியும். கரைசல் தோலைப் பொசுக்கும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தண்ணீரில் கழுவி, கிளிசரினில் வைத்து, மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலும் வரையுங்கள். பிறகு கிளிசரின் துளியோடு ஒரு குட்டிக் குப்பியில் போட்டு, அதே ஊசியில் ஈக்குக் கீழே குத்திவிடுங்கள். ஈயும் அதன் உறுப்பும் என்றைக்கும் பிரியக் கூடாது.

டிஎன்ஏ வேண்டுமானால் நடுக்கால் ஒன்று போதும். மறுபக்கக் கால் அப்படியே இருக்கட்டும்.

படி 4: ஹோலோடைப்பைத் தேர்ந்தெடுங்கள்

பெயரைச் சுமக்கும் ஒற்றை மாதிரிக்கு ஹோலோடைப் என்று பெயர். உங்களிடம் இருப்பவற்றில் மயிர் உதிராத, கால்கள் முழுதாக உள்ள ஆண் ஒன்றை எடுங்கள். மற்றவை பாராடைப்கள். ஒற்றை ஈயை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுவதை நான் விரும்புவதில்லை. ஓர் இனத்துக்குள் என்னென்ன மாறும் என்று அதிலிருந்து சொல்லவே முடியாது.

“நல்ல படம் இருந்தால் போதாதா?” என்று பலர் கேட்கிறார்கள். இந்தச் சண்டையே ஒரு தேனீ ஈயைச் சுற்றித்தான் பெரிதாக வெடித்தது. 2015இல் மார்ஷலும் எவன்ஹூயிஸும் தென்னாப்பிரிக்காவில் இருந்து மார்லெய்மையா சைலோகோபே என்ற இனத்தைப் புகைப்படங்களை மட்டும் வைத்து விவரித்தார்கள். தச்சுத் தேனீயைப் போலவே இருக்கும் அழகான ஈ. விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிப்படி அது செல்லும். படம் ஹோலோடைப் ஆகாது, படத்தில் இருக்கும் ஈதான் ஹோலோடைப், அது தொலைந்திருந்தாலும் சரி. நூற்றுக்கணக்கான வகைப்பாட்டியலாளர்கள் இதை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நான் எதிர்த்தவர்கள் பக்கம். படத்தில் பிறப்புறுப்பைத் திருப்பிப் பார்க்க முடியாது.

படி 5: அளந்து எழுதுங்கள்

உடல் நீளத்தைவிடச் சிறகு நீளம் நம்பகமானது, ஏனென்றால் வயிறு காய்ந்து சுருங்கும். எத்தனை ஈக்களை அளந்தீர்கள், குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று மூன்றையும் சொல்லுங்கள். படங்களில் அளவுகோல் கட்டாயம்.

எழுத்தில் இரண்டு பகுதிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விவரிப்பு என்பது தலை, மார்பு, சிறகு, கால், வயிறு, பிறப்புறுப்பு என்ற வரிசையில் எல்லாவற்றையும் சொல்வது. வேறுபடுத்தல் என்பது நெருங்கிய இனங்களிலிருந்து இதைப் பிரிக்கும் மூன்று நான்கு பண்புகளை மட்டும் சொல்வது. “உணர்கொம்பு நீளமானது” என்பதை யாராலும் சோதிக்க முடியாது. “உணர்கொம்பின் மூன்றாம் கணு, முதல் இரண்டும் சேர்ந்ததைப் போல இரு மடங்கு நீளம், நெருங்கிய இனத்தில் மூன்றாம் கணுவும் முதல் இரண்டும் சேர்ந்த நீளமும் சமம்” என்று எழுதினால் நுண்ணோக்கி வைத்திருக்கும் யாரும் சோதிக்கலாம். இரை எதுவென்று நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை என்றால் “தெரியவில்லை” என்றே எழுதுங்கள். பக்கத்தில் ஒரு தேனீக் கூடு இருந்தது என்பது சான்று ஆகாது.

படி 6: பெயர்

லத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும், அதே பேரினத்தில் முன்பு யாரும் வைத்திருக்கக் கூடாது. பெயரடை என்றால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப முடியும். தேனீ ஈப் பேரினங்களில் பாம்பிலியஸ் ஆண்பால், திரியா பெண்பால். ஒரு மனிதரின் நினைவாக வைப்பதென்றால், ஆணின் பெயருக்கு ‘இ’ (-i), பெண்ணின் பெயருக்கு ‘ஏ’ (-ae) என்று முடியும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை, ஆனால் பொதுவாக யாரும் செய்வதில்லை.

படி 7: வெளியிடுங்கள்

பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, இது புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஹோலோடைப் எது, அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்றும் குறிப்பிட வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், வெளிவரும் முன்பே விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து அந்தச் சான்றைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பெயர் செல்லாது. ஆகவே அனுப்பும் முன் விதிகளை ஒருமுறை பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டுரை வெளியானதும் ஹோலோடைப்பின் ஊசியில் பெயரெழுதிய சிவப்பு லேபிளைக் குத்தி, சொன்ன அருங்காட்சியகத்திலேயே ஒப்படையுங்கள். பாராடைப்களை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று சேகரிப்புகளுக்குப் பிரித்து அனுப்புங்கள். ஓரிடத்தில் தீயோ பூஞ்சையோ வந்தால் மற்ற இடத்தில் இருப்பது மிஞ்சும்.