டெம்ப்ஸ்டர் சாலையில் காரோட்டிப் போகிறவர்களுக்கு

கனடாவின் யூகான் பிரதேசத்தில், டாசன் சிட்டிக்குக் கிழக்கே 40 கி.மீ. தள்ளி, க்ளோண்டைக் நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே பிரிகிறது டெம்ப்ஸ்டர் சாலை. பிரியும் இடத்திலிருந்து இனுவிக் என்ற ஊர் 736 கி.மீ. 1979 ஆகஸ்டில் திறந்தார்கள். 2017 நவம்பரில் இனுவிக்கிலிருந்து டக்டோயாக்டக் வரை இன்னொரு 140 கி.மீ. சேர்ந்தது, அதனால் இப்போது ஆர்க்டிக் கடற்கரை வரைக்கும் காரிலேயே போய்விடலாம். ஆரம்பத்திலும் இனுவிக் பக்கத்திலும் கொஞ்ச தூரத்தை விட்டால் முழுக்கச் சரளைச் சாலைதான்.

"ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கோடையில் வேண்டியதில்லை, நல்ல நிலையில் இருக்கும் சாதாரணக் கார் போய்த் திரும்பும். என்ன டயர், எத்தனை ஸ்டெப்னி, என்ன வேகம் என்பதுதான் இங்கே கேள்வி. பெரிய வண்டி எடுத்துக்கொண்டு 100-இல் பறப்பவர்தான் பாதி வழியில் ஜாக்கி போட்டுக்கொண்டு நிற்பார்.

எப்போது போவது

வழியில் பீல், மெக்கென்சி என்று இரண்டு ஆறுகள். இரண்டுக்கும் பாலம் இல்லை. கோடையில் வாகனப் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே பாதை. பனி உடையும் மே மாத வாக்கிலும், உறையத் தொடங்கும் அக்டோபர், நவம்பரிலும் இரண்டுமே இருக்காது. சில வாரங்கள் கடக்கவே முடியாது. புதிதாகப் போகிறவர்களுக்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை சரியான காலம். எங்கள் பரிந்துரை ஆகஸ்ட் கடைசி: கொசு குறைந்திருக்கும், வழியில் வரும் டூம்ஸ்டோன் பள்ளத்தாக்கு இலையுதிர்கால நிறத்தில் சிவந்து கிடக்கும். குளிர்காலப் பயணத்துக்கு, எஞ்சின் உறையாமல் சூடேற்றும் பிளாக் ஹீட்டரில் தொடங்கித் தயாரிப்பே வேறு. அது இந்தக் கட்டுரையில் அடங்காது.

வாடகைக் கார்

வாடகை நிறுவனங்கள் பலவும் சரளைச் சாலையை, குறிப்பாக டெம்ப்ஸ்டரை, ஒப்பந்தத்திலேயே தடை செய்திருக்கும். முன்பதிவு செய்வதற்கு முன் சாலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டில் முன்கண்ணாடியும் டயரும் அடங்குமா என்று தனியாகக் கேட்க வேண்டும், பெரும்பாலும் அடங்காது. அனுமதி இல்லாத சாலையில் வண்டி நின்றுபோனால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கட்டி இழுத்துவரும் செலவு முழுக்க உங்கள் தலையில்தான் விழும்.

டயர்

இந்தச் சாலைக்குக் கொட்டும் கல்லில் ஓரம் கூர்மையான சில்லுகள் அதிகம். ஆணி குத்தினால் வருவது சின்ன ஓட்டை. இந்தச் சில்லு டயரைக் கீறிவிடும். கீறல் பக்கச்சுவரில் விழுந்துவிட்டால் பஞ்சர் கிட் உதவாது, டயரையே மாற்ற வேண்டும். ஆகவே முழு அளவு ஸ்டெப்னி ஒன்றாவது கட்டாயம். இரண்டு இருந்தால் நிம்மதி. காரோடு வரும் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி பொதுவாக 80 கி.மீ. வரைக்கும்தான். இங்கே சாலை பிரியும் இடத்திலிருந்து வழியில் வரும் முதல் பெட்ரோல் பங்குக்கே 369 கி.மீ. இருக்கிறது.

டயர் வாங்கப்போகிறவர்கள் பத்து பிளை (பத்து அடுக்குக்குச் சமமான வலு) வகை லைட் டிரக் டயரைக் கேளுங்கள், காருக்குப் பொருந்தினால். காற்றை டயர் ஆறியிருக்கும்போது, காலையில் பாருங்கள். காற்று அதிகமாக இருந்தால் கல் நேரே குத்தும். ரொம்பக் குறைத்தாலோ பக்கச்சுவர் பிதுங்கி, சில்லுக்கு வாகாகக் கிடைக்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. குறைத்தால் போதும். அதற்கு மேல் குறைக்க வேண்டாம்.

ஜாக்கியின் அடியில் வைக்க ஒரு முழ நீளத்தில் கெட்டிப் பலகை எடுத்துக்கொள்ளுங்கள். சரளையில் நேரடியாக வைத்தால் கார் எழும்பாது, ஜாக்கிதான் மண்ணுக்குள் இறங்கும். கூடவே குறுக்கு வீல் ஸ்பேனர், 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் கிட், கையுறை. டயர் மாற்றி 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் ஒரு தடவை டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சக்கரம் திருடு போகாமலிருக்கப் போடும் பூட்டு நட்டுக்கான சாவி காரில் இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

பெட்ரோல்

டாசனில் டேங்கை நிரப்பிக் கிளம்பினால் ஈகிள் பிளெய்ன்ஸுக்கு 409 கி.மீ. அடுத்து ஃபோர்ட் மெக்ஃபர்சன் 181, அதற்கடுத்து இனுவிக் 186. நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கும் காருக்கு முதல் கட்டத்துக்கே 37 லிட்டர் ஆகும். சேற்றிலும் எதிர்காற்றிலும் இன்னும் ஐந்தாறு லிட்டர் கூடும். 20 லிட்டர் கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டேங்கில் இடம் வந்ததும் முதல் நிறுத்தத்திலேயே கேனில் இருப்பதை ஊற்றிவிடுவது நல்லது. பெட்ரோல் வாடை உட்காருமிடத்துக்குள் நாள் முழுக்கச் சுற்றாது. பங்கைப் பார்த்தால் டேங்க் பாதி இருந்தாலும் நிரப்புங்கள்.

ஓட்டும் முறை

தரைக்கடியில் இருப்பது ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண். அது உருகினால் சாலை அமிழ்ந்துவிடும் என்பதால், வெப்பம் கீழே இறங்காதபடி ஆளுயரத்துக்குச் சரளை கொட்டி மேடாக்கி, அதன்மேல் சாலை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஓரம் இறுக்கமில்லாமல், சரிவாக இருக்கிறது. லாரிக்கு வழிவிடுகிறேன் என்று ஓரத்துக்குப் போனால் சக்கரம் இறங்கும். இறங்கினால் கார் கவிழ்வதற்கும் வாய்ப்புண்டு. எதிரே புழுதி எழும்பும்போதே வேகத்தைக் குறைத்து, உங்கள் பக்கத்துத் தடத்திலேயே மெதுவாகப் போங்கள். இருவருமே மெதுவாகக் கடந்தால் கல் தெறிக்கும் வேகம் பாதியாகும், முன்கண்ணாடி பிழைக்கும். ஹெட்லைட் எப்போதும் எரியட்டும்.

வேகம் 60 முதல் 70. சாலையைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி அப்போதுதான் வாரிவிட்டுப் போன இடத்தில், சாலை நடுவே வரப்புபோல் சரளை குவிந்திருக்கும். அதை வேகமாகத் தாண்டினால் ஸ்டீயரிங்கை இழுத்துக்கொண்டு போய்விடும். 30-க்கு இறக்கிவிட்டுத் தாண்டுங்கள். மழையில் சாலை சோப்புத் தேய்த்ததுபோல் வழுக்கும். அந்தச் சேறு வீல் ரிம்முக்குள் அப்பிக்கொள்வதால் கார் திடீரென்று கிடுகிடுவென ஆடும். டயர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், இறங்கி ஒரு குச்சியால் சுரண்டிவிட்டால் சரியாகிவிடும்.

புழுதி உள்ளே வராமலிருக்க கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஃபேனை வெளிக்காற்றில் வேகமாக வையுங்கள். உள்ளே அழுத்தம் கூடி, கதவிடுக்கு வழியாகத் தூசி நுழையாது. லாரி கடக்கும் அரை நிமிடத்துக்கு மட்டும் உள்காற்றுக்கு மாற்றினால் போதும். நிற்கும் இடத்திலெல்லாம் பின்விளக்கைத் துடையுங்கள். அது மூடிக்கிடந்தால் பின்னால் வருபவருக்கு உங்கள் கார் தெரியாது.

அவசரம் இந்த வழிக்குப் புதிதல்ல. 1910-11 குளிர்காலத்தில் ஃபோர்ட் மெக்ஃபர்சனிலிருந்து டாசனுக்குக் கிளம்பிய நான்கு காவலர்கள், வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்று உணவைக் குறைத்து எடுத்துப்போனார்கள். வழி தெரிந்த குவிச்சின் பழங்குடி வழிகாட்டியையும் இடையில் திருப்பி அனுப்பிவிட்டு, வழி தவறி நால்வரும் இறந்தார்கள். தேடிப்போய் உடல்களைக் கண்டெடுத்தவர் டெம்ப்ஸ்டர் என்ற காவலர். சாலைக்கு அவர் பெயர்தான்.

எல்லையும் படகுகளும்

405-ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டம், 465-இல் வடமேற்குப் பிரதேச எல்லை. எல்லையில் இரண்டு விஷயம் குழப்பும். கி.மீ. பலகைகள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். உதவி கேட்டு அழைக்கும்போது எந்தப் பிரதேசத்தின் கிலோமீட்டர் என்று சொல்லுங்கள். கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். 2020-லிருந்து யூகான் கோடைக்காக நேரம் மாற்றுவதில்லை. படகு ஓடுவது வடமேற்குப் பிரதேச நேரப்படி, இரவு முழுக்க ஓடாது.

படகுக்குக் கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. வரிசையில் நின்றால் ஏற்றிக்கொள்வார்கள். ஆற்று மட்டம் ஏறி இறங்குவதால் ஏறுதளத்து மண்ணை அடிக்கடி வெட்டிப் போடுவார்கள். தாழ்வான கார் என்றால் ஆளோடும் வேகத்தில், ஊழியர் கை காட்டும் தடத்திலேயே ஏறுங்கள். இல்லையேல் பம்பர் தரையில் இடிக்கும். மெக்கென்சி ஆற்றுப் படகு சீகெச்சிக் கிராமத்துக்கும் சேர்த்து மூன்று கரைகளில் நிற்கும். எங்கே இறங்க வேண்டும் என்று ஏறும்போதே சொல்லிவிடுங்கள். வெள்ளமோ மரக்கட்டைகளோ வந்தால் படகு நிற்கும். உணவும் நாள்கணக்கும் ஒரு நாள் கூடுதலாக இருக்கட்டும்.

செல்போன் சிக்னல் ஊர்களுக்குள்தான் கிடைக்கும். சாட்டிலைட் போனோ, குறுஞ்செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவியோ வாடகைக்காவது எடுங்கள். சாலை நிலவரத்தை 511 யூகான் என்ற இணையதளத்தில் கிளம்பும் அன்று காலையிலும், அதன் பிறகு சிக்னல் கிடைக்கும் ஊரிலெல்லாமும் பாருங்கள்.

டாசனிலிருந்து முதல் நாள் ஈகிள் பிளெய்ன்ஸ், இரண்டாம் நாள் இனுவிக், மூன்றாம் நாள் டக்டோயாக்டக் போய் இனுவிக் திரும்புவது, அடுத்த இரண்டு நாள் திரும்பும் வழி, காத்திருப்புக்கு ஒன்று: ஆறு நாள். திரும்பிய அன்றே காரின் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். சாலையில் தூசி அடக்கத் தெளிக்கும் கால்சியம் குளோரைடு சேற்றோடு ஒட்டிக் காய்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும். வாடகைக் கார் என்றால், கழுவிய பிறகு கண்ணாடியையும் நான்கு டயர்களையும் படமெடுத்து வைத்துக்கொண்டு ஒப்படையுங்கள்.