மலைவீட்டில் பழைய விளையாட்டுப் பெட்டி: துடைக்கும் முன் உலர்த்துங்கள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் பங்களா கைமாறும்போதும், பழைய வீட்டின் பரணைக் காலி செய்யும்போதும் மோனோபோலி, லூடோ, மெக்கானோ (உலோகத் துண்டுகளைத் திருகாணியால் பூட்டி விளையாடுவது) பெட்டிகள் காயலான் கடையில் தட்டுப்படுவதுண்டு. வாங்கி வந்ததும் துடைத்துப் பளபளப்பாக்கக் கை பரபரக்கும். ஒரு வாரம் பொறுங்கள். இங்கே பழைய பொம்மையை அதிகம் கெடுப்பது ஈரம்தான்.

1. தனியே வைத்து உலர்த்துதல்

புதிதாக வந்ததை மற்ற பெட்டிகளோடு அடுக்க வேண்டாம். பூசணமும் இராமபாணப் பூச்சியும் கூடவே வந்திருக்கலாம். காற்றோட்டமுள்ள அறையில், நிழலில், மூடியைத் திறந்து வையுங்கள். வெயிலில் வைத்தால் அச்சு மை வெளுத்துவிடும். கணப்பு, ஹீட்டர் பக்கம் வைத்தால் ஒரு முகம் மட்டும் சீக்கிரம் காய்ந்து பலகை அப்பளம் போல வளையும். அதை மறுபடி நிமிர்த்துவது பெரும்பாடு.

பூசணத்தை ஈரத்துணியால் தொடவே கூடாது, அது அட்டைக்குள் இன்னும் இறங்கும். நன்றாகக் காய்ந்து பொடியான பிறகு, வாய்க்கும் மூக்குக்கும் முகக்கவசம் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

2. எந்தக் காலத்துப் பெட்டி?

ஆரம்பத்தில் பலரும் ஏமாறும் இடம் இது. பெட்டியில் 1936 என்று போட்டிருந்தால் அது 1936-ல் அச்சான பெட்டி என்று அர்த்தமில்லை. மோனோபோலியை அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் 1935-லும், லண்டன் தெருப்பெயர்களோடு வாடிங்டன்ஸ் அடுத்த ஆண்டிலும் வெளியிட்டார்கள். அந்தக் காப்புரிமை ஆண்டு பிற்காலப் பதிப்புகளிலும் தொடர்ந்து அச்சாகும். அதனால் காய்களைப் பாருங்கள்: உலோகத்துக்குப் பதில் மரமோ அட்டையோ இருந்தால், இரண்டாம் உலகப்போர்க் காலத்து உலோகத் தட்டுப்பாடு காரணமாக இருக்கலாம். மெக்கானோ துண்டுகள் சிவப்பு, பச்சை வண்ணத்தில் இருந்தால் 1926-க்கு முந்தியவை அல்ல.

நம் ஊர்ப் பெட்டியானால் விலைச்சீட்டே சாட்சி. அணாவில் விலை இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முன். ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில்.

கையோடு காய், சீட்டு, பகடை எல்லாவற்றையும் எண்ணி ஒரு தாளில் எழுதிவிடுங்கள். விதிமுறைத் தாள் கிழிந்திருந்தாலும் எறியாதீர்கள். பல சமயம் அதில்தான் பதிப்பு விவரம் இருக்கும்.

3. சுத்தம் செய்தல்

அட்டைப் பலகைக்கு, பென்சில் அழிக்கும் மென்மையான ரப்பரைத் துருவி அந்தத் துருவலால் தேய்த்தால் போதும். தகரப் பொம்மையைக் காய்ந்த துணியால் துடைத்து, துருப்பிடித்த இடத்தில் மட்டும் ஒரு பொட்டு மெஷின் எண்ணெய். உப்புத்தாள் தேய்ப்பும் புதுப் பெயின்ட்டும் வேண்டாம். உரிந்த பழைய வண்ணத்துக்கு இருக்கும் மதிப்பு புது வண்ணத்துக்குக் கிடையாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

போருக்கு முந்தைய டிங்கி என்ற உலோகப் பொம்மைக் கார்களில் நுண்விரிசல் தெரிந்தால் அது அடிபட்டதால் வந்தது ஆகாது. துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டதால் உலோகம் உள்ளிருந்தே பொரிகிறது. ஈரம் அதை வேகப்படுத்தும். மருந்து கிடையாது. வாங்கும் முன் பூதக்கண்ணாடியால் அடிப்பாகத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டிக்கர் பசையை எடுக்க நம் மலையில் எல்லார் கையும் நீலகிரித் தைலத்தைத்தான் தேடும். பசை போகும்தான். ஆனால் அட்டையில் எண்ணெய்க் கறை நிற்கும், சில பிளாஸ்டிக்கும் இளகிவிடும். கண்ணாடி தவிர வேறெதிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

4. பத்திரப்படுத்துதல்

வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் ஈரம் ஊறும். உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். விலை குறைந்த ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூசணம் பிடிக்கும். ஐம்பதை ஒட்டி இருப்பது நல்லது. சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். அந்துருண்டை பிளாஸ்டிக் காய்களை இளக்கும். ரப்பர் பேண்டு காலப்போக்கில் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். செலோடேப் மஞ்சள் கறை விடும். மூன்றையும் பெட்டிக்குள் விடாதீர்கள்.

கூடலூர், ஊட்டிக்காரர்கள் ஜூன் பிறக்கும் முன்பும், குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் ஐப்பசி மழைக்கு முன்பும் பொட்டலங்களை மாற்றிவிடுங்கள். தை, மாசியில் காற்று வறண்டிருக்கும்போது எல்லாப் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம்.