வன்னிப் பாறையில் ஏறுமுன் கீழே பாருங்கள்: போல்டரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போல்டரிங் என்பது கயிறோ இடுப்புப் பட்டியோ இல்லாமல், ஆளுயரத்தைப்போல் இரண்டு மடங்கு உயரமான பாறைகளில் ஏறும் விளையாட்டு. விழுந்தால் தாங்குவதற்குக் கீழே ஒரு மெத்தை, அருகில் ஒரு நண்பர், அவ்வளவுதான். வன்னியில் இதில் புதிதாக இறங்குபவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் தவறு, பாறையைக் கண்டவுடன் அண்ணாந்து பார்ப்பது. எந்தப் பிடி எங்கே, உச்சியை எப்படித் தாண்டுவது என்று கண்கள் மேலேயே ஒட்டிக்கொள்கின்றன. இங்கே ஆளை வீழ்த்தும் சங்கதிகளோ பெரும்பாலும் பாறையின் காலடியில் கிடக்கின்றன.

முதலாவது, நிலம். போர் 2009இல் முடிந்தது. மிதிவெடிகள் அந்த ஆண்டோடு முடியவில்லை. மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது, அகற்றும் பணியும் நெடுங்காலமாக நடந்துவருகிறது. வீட்டு வளவு, வயல், பாடசாலை, வீதி என்று மக்கள் புழங்கும் இடங்களுக்கே அதில் முதலிடம். ஆகவே, “ஊருக்குள் எல்லாம் எடுத்துவிட்டார்கள்” என்ற பேச்சைக் காட்டுக்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வது பெருந்தவறு. தட்டையான இந்த வன்னி நிலத்தில் உயர்ந்து நிற்கும் பாறை, விளையாட்டுக்காரரின் கண்ணில் மட்டும் படும் பொருள் அல்ல. காவலரண் தேடிய எவரும் அதைப் பார்த்திருப்பார்கள். மண்டையோட்டுப் பலகை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைக்காதீர்கள். பலகை துருப்பிடிக்கும், விழும், சில வேளை யாரோ ஒருவர் கோழிக்கூட்டுக்குக் கழற்றிக்கொண்டும் போவார். மாடு நடக்கும் தடத்தில் ஆளும் நடக்கலாம் என்பதும் ஓர் உத்தரவாதம் அல்ல.

புதிய பாறை ஒன்றைத் தேடிப் போவதென்றால் முதலில் கிராம அலுவலரைப் பாருங்கள். அடுத்து, அதே காட்டில் தேனுக்கும் விறகுக்கும் போய்வரும் ஐயா ஒருவரைப் பாருங்கள். இருவர் சொல்வதும் ஒத்துவர வேண்டும். சந்தேகம் மிஞ்சினால் கண்ணிவெடி அகற்றும் நடவடிக்கைகளுக்கான பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியில் இருக்கிறது, அங்கே கேட்கலாம். சந்தேகமான பொருள் ஒன்று கண்ணில் பட்டால் தொடாதீர்கள், கல்லெறியாதீர்கள், படமெடுக்கக் கிட்டப் போகாதீர்கள். வந்த அடித்தடத்திலேயே திரும்பி வந்து பொலிசுக்கு அறிவியுங்கள். பாறை எத்தனை அழகாக இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பேரம் கிடையாது.

நிலம் சரியென்று தெரிந்த பிறகு அங்கே குடியிருப்பவர்களைப் பார்க்க வேண்டும். பாறையடியின் சருகும் நிழலும் கண்ணாடி விரியனுக்கும் நாகத்துக்கும் பிடித்த இடம். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்குள் கையை நுழைப்பது, வெறுங்காலோடு சருகில் நடந்துபோய்ப் பாறையடியில் சப்பாத்து மாற்றுவது, இந்த இரண்டையும் விட்டுவிட்டாலே பாதி ஆபத்து நீங்கும். நீளமான தடியொன்றால் சருகை ஒதுக்கி, வெடிப்புக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள். கடி பட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக்கொண்டு 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழையுங்கள். போகும் இடத்தில் தொலைபேசிக்கு எங்கே சிக்னல் கிடைக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து வைப்பவர்களை நான் இதுவரை அதிகம் கண்டதில்லை.

பாலைப்பழமும் வீரைப்பழமும் பழுக்கும் காலத்தில் கரடி அந்த மரங்களைத் தேடி வரும். குகைபோலக் குடைந்த பாறைக்குள் எட்டிப் பார்க்குமுன் உரக்கப் பேசுங்கள். திடுக்கிட்ட கரடிதான் பாய்கிறது. பாறைக்கூரையில் பெரிய தேன்கூடு தொங்கினால் அந்தப் பாறையை அந்தப் பருவம் முழுவதும் தேனீக்களுக்கே விட்டுவிடுங்கள். பத்தடி தள்ளி ஏறுவோம் என்பது சமாதானமே தவிர, பாதுகாப்பு அல்ல.

அடுத்தது, யாருடைய பாறை என்று கேளாமல் ஏறுவது. வன்னிப் பாறைகள் பலவற்றில் கோயில் இருக்கிறது, குகை இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது. வவுனியா மாவட்டத்தின் பெரிய புளியங்குளத்துக் குகைகளில் இரண்டாயிரம் ஆண்டு பழமையான பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. விசாகன் என்ற தமிழ் வணிகன் ஒருவனின் பெயரும் அவற்றில் வருகிறது. அப்படியான கல்லில், வியர்வைக்காக வெள்ளைத் தூள் பூசிய கையை வைப்பது அறியாமை என்று விட்டுவிடக்கூடிய காரியமல்ல. தொல்பொருட் சின்னங்களைச் சேதப்படுத்துவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். மழைநீர் உள்ளே வடியாதபடி குகை வாயிலின் மேல் வெட்டப்பட்ட விளிம்பு தென்பட்டால் அங்கிருந்து விலகுங்கள். வெடுக்குநாறிமலை, குருந்தூர்மலை போன்ற இடங்களைப் பற்றி விளக்கவே தேவையில்லை. மக்கள் வழிபடும், மக்கள் வழக்காடும் மலை எவருடைய பயிற்சிக்கூடமும் அல்ல. காடு என்றால் வனத் திணைக்களத்திடமும், சரணாலயம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். தனியார் காணி என்றால் படலையில் நின்று கூப்பிட்டுக் கேட்டாலே போதும். பெரும்பாலும் தேநீரும் கிடைக்கும்.

இனிப் பாறைக்கு வருவோம். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துச் சுண்ணக்கல் வேறு. வவுனியாவிலும் முல்லைத்தீவின் தெற்கிலும் காட்டுக்குள் தலைகாட்டும் பாறை வேறு. புவியியலாளர்கள் வன்னித் தொகுதி என்று அழைக்கும், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான நைஸ் வகைக் கல் அது. கடினமானது, சொரசொரப்பானது, மழை விட்டதும் விரைவில் காயும். ஆனால் பகலில் கொதித்து இரவில் குளிர்ந்து, இடையில் மழையும் குடித்து, வெங்காயம்போலத் தோல் தோலாக உரியும் குணம் அதற்கு உண்டு. விரல் நுழையும் அழகான விளிம்பு என்று நாம் மகிழ்வது பல நேரம் உரியக் காத்திருக்கும் ஓட்டின் ஓரம்தான். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உறுதியான கல் சத்தமே தராது, முட்டிதான் வலிக்கும். ஓடு என்றால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒரு ‘டொக்’ கேட்கும். மறு உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்திருந்தால் மெல்லிய அதிர்வும் தெரியும். அந்தப் பிடியை வெளிப்பக்கம் இழுக்கக் கூடாது. கீழ்நோக்கி மட்டும் பாரம் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதுவும் செய்வதில்லை. உச்சி ஓரத்தை எப்போதும் பின்பக்கமாகச் சுற்றி ஏறி முதலில் பாருங்கள். கடைசிப் பிடியில் காய்ந்த பாசியும் உதிரிக் கற்களும் இருப்பதைக் கீழிருந்து காண முடியாது. உளி கொண்டு பிடி வெட்டும் யோசனை வந்தால் வீட்டுக்குப் போய்விடுங்கள். இன்று உங்களால் முடியாதது நாளை இன்னொருவரால் முடியும். வெட்டிய கல் திரும்ப ஒட்டாது.

காலத்தில் தவறுபவர்களும் உண்டு. பாடசாலை விடுமுறை கிடைக்கிறதே என்று ஏப்ரலில் கிளம்புகிறார்கள். அந்த மாத நடுவில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கும். சூடான கல்லில் விரல் வியர்க்கும், சப்பாத்தின் இறப்பர் இளகும், பிடிப்பு போய்விடும். பின்னர் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல் நன்றாகக் காய்ந்திருக்கும், ஏறுபவரும் காய்ந்துவிடுவார். வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின் வரும் தை, மாசிதான் எங்களுக்குப் பொற்காலம். அப்போதும் விடியற்காலையில் பனி கல்லில் பூத்திருக்கும். அது உலரும்வரை மூட்டுகளைச் சூடாக்குங்கள். அறுவடை முடியாத வயல் பக்கத்தில் இருந்தால், யானை போகும் நேரம் வரும் நேரம் எல்லாம் வயற்காவல் இருப்பவருக்குத் தெரியும்.

மெத்தை விஷயத்தில் நம்மவர்களின் சிக்கனம் கணுக்காலை உடைக்கிறது. வீட்டுத் தும்பு மெத்தையோ தனி ஸ்பொஞ்சோ போதாது. விழுந்த வேகத்தில் அது நசுங்கி, கால் நேரே நிலத்தைத் தொட்டுவிடும். விலைக்கு விற்கும் மெத்தைகளில் பொதுவாக மேலே இறுக்கமான நுரை, கீழே மென்மையான நுரை என்று அடுக்கு இருக்கும். மேலடுக்கு அடியைப் பரப்புகிறது, கீழடுக்கு விழுங்குகிறது. இந்த ஒழுங்கில் நுரை வாங்கித் தறப்பாளில் தைத்து ஊரிலேயே செய்துகொள்ளலாம். இரண்டு மெத்தைகளை அருகருகே போட்டால் நடுவில் இடைவெளி விடாதீர்கள், கால் அதற்குள்தான் போகும். வேர், கல், வெட்டிய மரக்குற்றி ஆகியவற்றை மெத்தையால் மூடிவிட்டால் அவை மறைந்துவிடா. மூடுமுன் அவற்றை அகற்ற முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் வேறு வழியில் ஏறுங்கள்.

விழும்போது கையைப் பின்னால் ஊன்றுவது இயல்பு. மணிக்கட்டும் முழங்கையும் போவது அதனால்தான். முழங்காலை மடக்கி இறங்கி, கையை மார்போடு சேர்த்து உருண்டுவிடப் பழக வேண்டும். இதைத் தாழ்வான கல்லிலிருந்து வேண்டுமென்றே குதித்துப் பழகலாம். கீழே நிற்கும் நண்பர் விழுபவரை ஏந்திப் பிடிக்க முயலக் கூடாது. இடுப்பையும் முதுகையும் மெத்தைப் பக்கம் திருப்பிவிட்டு, தலை கல்லில் மோதாமல் பார்ப்பதே அவர் வேலை. பெருவிரலை விரித்து வைத்தால் அதுவும் முறியும். தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டே காவல் நிற்பவர் காவல் நிற்கவில்லை.

கைத்தூளுக்கு வகுப்பறை வெண்கட்டியை இடித்து எடுத்துவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவைப்படுவது மகனீசியம் காபனேற்று. 1950களில் ஜோன் கில் என்ற அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீரர் அதைப் பாறைக்குக் கொண்டுவந்தார். ஏறி முடித்ததும் பிடிகளை மென்மையான தூரிகையால் துடைத்துவிடுங்கள், கம்பித் தூரிகை வேண்டாம். சப்பாத்தின் அடியில் ஒட்டிய செம்மண்ணை ஈரத் துணியால் துடைத்து உலர்த்தாமல் ஏறினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இறப்பரும் வழுக்கும்.

இப்போது ஏறும் முறை. கை சோர்ந்து விழுந்ததாகச் சொல்பவர்களின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கை விடுபடுவதற்கு ஒரு கணம் முன்பு கால் நழுவியிருக்கும். காலை வைக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலோர் கால் கல்லைத் தொடுமுன்னே கண்ணை மேலே எடுத்துவிடுகிறார்கள். நெடுங்கேணிப் பக்கம் ஒரு தாழ்ந்த பாறைக்கூரை எனக்குப் பல பருவங்களாக இலக்காக இருந்தது. இடக்கைக்கு அரை விரல் விளிம்பு, வலக்கைக்கு உருண்டையான சரிவு. எல்லோரும் அங்கிருந்து தாவி உச்சியைப் பிடிக்க முயன்றார்கள். வலக் குதிக்காலை இடுப்புயரத்தில் இருந்த ஒரு மடிப்பில் கொளுவி, இடுப்பைக் கல்லோடு ஒட்டியபோது தாவலே தேவைப்படவில்லை. கை தானாகப் போய் உச்சியைத் தொட்டது. கடினமான இடத்தில் அதே அசைவை அதே விதமாக மீண்டும் மீண்டும் முயல்வது பயிற்சி அல்ல, விடாப்பிடி. ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு சில நிமிடங்கள் உட்காருங்கள், காலின் இடத்தையோ இடுப்பின் திசையையோ மாற்றுங்கள், நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து வையுங்கள். பிரித்தானியாவின் வில் போசி, உலகிலேயே முதன்முதலாக 9ஏ என்ற உச்சக் கடினத் தரம் பெற்ற பின்லாந்துப் பாறைவழியை 2023இல் ஏறி முடித்தார். நாலே ஹுக்கதாய்வல் 2016இல் முதன்முதல் ஏறிய வழி அது. போசி அதன் பிடிகளின் பிரதிகளில் தம் நாட்டிலேயே பழகிவிட்டுத்தான் அங்கே போனார். வன்னியில் பலகைத் துண்டும் அரத்தாளும் இருந்தால் ஒரு பிடியின் சாயலை வீட்டிலேயே செய்யலாம்.

வீட்டுப் பயிற்சியில்தான் விரல்கள் பாழாகின்றன. தசை சில வாரங்களில் பலக்கும்; தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். இந்த இடைவெளியில்தான் மோதிர விரலிலோ நடுவிரலிலோ ‘டப்’ என்ற சத்தம் கேட்கிறது. அது தசைநாணை எலும்போடு அணைத்து வைக்கும் வளையம் கிழிந்த சத்தமாக இருக்கலாம். பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு தொடராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடங்கிய முதல் ஆண்டில், விரல்களால் தொங்கிப் பழகும் தொங்குபலகையே வேண்டாம், ஏறினாலே போதும். பிறகு தொங்கினாலும் முதற்கணு அளவு ஆழமான விளிம்பில், திறந்த விரலோடு, கடும் பயிற்சிகளுக்கிடையே இரண்டு நாள் ஓய்வோடு தொங்குங்கள். பாடசாலைப் பிள்ளைகளை அண்ணன்மார் தொங்குபலகைப் போட்டிக்கு இழுப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பதின்ம வயதில் விரலெலும்பின் வளர்ச்சித்தட்டு இன்னும் மூடியிருக்காது. மிகை பாரத்தில் அது முறியும், சில வேளை விரல் கோணியே வளரும். அந்த வயதில் விரல்மூட்டு வலித்தால் எக்ஸ்ரே எடுக்கும்வரை ஏற விடாதீர்கள்.

தோல் கிழிந்த விரலோடு நேரே குளத்தில் குதிப்பது எங்களுக்கே உரிய தவறு. எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக எளிதில் உடலுக்குள் நுழைகிறது. குளத்து நீரும் வயல் நீரும் அதற்கு வாகனம். அன்று கிணற்றில் குளியுங்கள். தொங்கும் தோலை நகவெட்டியால் ஒட்ட வெட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சில நாளில் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் குளத்தில் குளித்த விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வன்னியில் நான்கு பாறை ஏறியவுடன், இந்தியாவின் கர்நாடகத்தில் பாறைகள் நிறைந்த ஹம்பி போகும் ஆசை எல்லோருக்கும் வந்துவிடுகிறது. வரட்டும். பெங்களூருவிலிருந்து இரவு ரயிலில் ஹொசபேட்டைக்குப் போனால் ஹம்பி பக்கத்தில்தான். நவம்பர் முதல் பெப்ரவரி வரை போங்கள். மெத்தையை இங்கிருந்து சுமக்க வேண்டாம், அங்கே வாடகைக்குக் கிடைக்கிறது. பழைய குறிப்புகளை நம்பி விருபாபுர கட்டேயில் விடுதி தேடாதீர்கள், அங்கிருந்தவற்றை 2020இல் இடித்துவிட்டார்கள். ஏறுபவர்கள் இப்போது சாணாப்பூர்ப் பக்கம் தங்குகிறார்கள். 1986 முதல் ஹம்பி உலக மரபுரிமைத் தலம் என்பதால் கோயில்களையும் இடிபாடுகளையும் ஒட்டிய கற்களில் கை வைக்கக் கூடாது. அங்குள்ள கருங்கல் நம் கல்லைவிட விரலைத் தின்னும். முதல் இரண்டு நாளும் எளிய கற்களோடு நிறுத்திக்கொள்ளாதவர்கள், மீதி விடுமுறையை விரலில் பிளாஸ்டரோடு மற்றவர்களுக்குக் காவல் நின்றே கழிக்கிறார்கள்.